தவசியின் ஜீப் குடித்த தண்ணீர்

மாசி பிறந்த மூன்றாம் நாள், ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், கரட்டூர்த் தவசியின் ஜீப் வழக்கத்துக்கு மீறித் தண்ணீர் குடிக்க ஆரம்பித்தது. முப்பத்தைந்து வயதான டீசல் ஜீப் அது. விடிந்தும் விடியாமல் கரட்டூர்ப் பெண்கள் பதினான்கு பேரை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு மலையின் வளைவு அத்தனையையும் முனகி முனகி ஏறி, மேலே ஏலத்தோட்டங்களில் அவர்களை இறக்கிவிட்டு, சாயங்காலம் அத்தனை பேரையும், அவர்களுடைய தூக்குவாளிகளையும், கணுக்காலில் ஒட்டிக்கொண்டு வந்த அட்டைகளையும் சேர்த்துக் கீழே கொண்டுவந்து விடுகிற வண்டி. அன்றைக்கு எட்டாவது வளைவில் ஹீட் மீட்டரின் முள் சிவப்புக்குப் போனது. தவசி ஓரங்கட்டி, சக்கரத்துக்குக் கல் கொடுத்து, அரைமணி நேரம் பொறுத்திருந்து, ஈரச்சாக்கைப் போட்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினால், உள்ளே தண்ணீர் ஒரு சாண் இறங்கிக் கிடந்தது. கேனில் இருந்த ஐந்து லிட்டரும் மடமடவென்று உள்ளே போயிற்று. குனிந்து அடியில் பார்த்தான், ஒரு சொட்டு இல்லை. வந்த வழியில் பத்தடி நடந்து பார்த்தான், தார் காய்ந்தே கிடந்தது.

மறுநாளும் அப்படியே. அதற்கு மறுநாளும் அப்படியே.

பைபாஸ் ஓரத்தில் பட்டறை வைத்திருக்கும் சிக்கந்தரும் தவசியும் ஒரே பள்ளிக்கூடத்தில், ஒரே வருஷம், ஐந்தாம் வகுப்பில் தவறியவர்கள். அன்றிலிருந்து இருவரும் ஒருவரையொருவர் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சிக்கந்தர் எடுத்தவுடன் வண்டியைத் தொட மாட்டான். ஏறும்போது மட்டும் சூடாகிறதா இறங்கும்போதுமா, மூடியைத் திறந்தால் சீறுகிறதா, காலையில் ஸ்டார்ட் ஆனதும் வெள்ளைப் புகை வருகிறதா என்று கேட்டுக் கேட்டுத் தலையை ஆட்டிக்கொண்டான். பிறகு ஃபேன் பெல்ட்டை விரலால் அமுக்கினான், ஹோஸ்களைப் பிசைந்தான், தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எதிர் டீக்கடையின் கொதிதண்ணீரில் போட்டு அது வாய் திறக்கும்வரை நின்று பார்த்தான். வாட்டர் பம்ப்பில் ஈரம் இல்லை. ரேடியேட்டரில் அடைப்பு இல்லை. ஆயில் கம்பியை உருவி வெயிலில் காட்டினான். தண்ணீர் கலந்திருந்தால் ஆயில் பால்விட்ட டீ மாதிரி வெளுத்திருக்கும், இதுவோ கருகருவென்று இருந்தது. கடைசியில் மூடியைத் திறந்துவைத்து இன்ஜினை ஓடவிட்டு, ரேடியேட்டர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றான். வெகுநேரம் கழித்து ஒரு குமிழி வந்தது. இன்னும் கொஞ்சம் கழித்து இன்னொன்று.

ஹெட் கேஸ்கட் லேசாக விட்டிருக்கிறது என்று சிக்கந்தர் சொன்னான். இன்ஜினுக்கும் அதன் தலைக்கும் நடுவில் படுத்திருக்கிற தகடு அது. நெருப்பை நெருப்பின் வழியிலும், எண்ணெயை எண்ணெயின் வழியிலும், தண்ணீரைத் தண்ணீரின் வழியிலும் போக வைப்பது அதன் வேலை. அது ஓரிடத்தில் விட்டுக்கொடுத்தால் ஒன்று இன்னொன்றின் வழிக்குள் போய்விடும். அவனுக்கு அதுவரை விளங்கியது, அதற்கு மேல் விளங்கவில்லை. உள்ளே போன தண்ணீர் ஒன்று வெள்ளைப் புகையாக வெளியே வரவேண்டும், இல்லை ஆயிலில் கலக்கவேண்டும். இரண்டும் இல்லையென்றால் அந்த வண்டி குடிக்கிற தண்ணீர் எங்கேதான் போகிறது?

அது போய்ச் சேருகிற இடத்தின் பேச்சு தவசியின் காதில் விழவே ஒன்பது நாளானது. அதுவும் மனைவியின் ஈரத்தலையால்தான். லோகமணியும் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. தோட்டத்திலிருந்து வந்ததும் காலை நீட்டி உட்கார்ந்து முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பவள், சில நாளாக ஒரு மணி நேரம் தாமதமாக, கூந்தலை விரித்துப்போட்டுக்கொண்டு, முகமெல்லாம் சிவந்து, புது ஆள் மாதிரி வீட்டுக்குள் வந்தாள். எங்கே போய்வருகிறாய் என்று கேட்டான். அவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே, வடக்குத் தெருக் கிணற்றில் குளித்துவிட்டு வருவதாகச் சொன்னாள்.

வடக்குத் தெரு என்றால் செவனம்மாவின் வீடு. செவனம்மா தவசியின் கூடப்பிறந்த அக்கா. ஆத்தாள் காட்டு வேலைக்குப் போன காலத்தில் அவனை இடுப்பில் சுமந்தவள், அம்மை கண்டு எழுந்தபோது அவனுக்கு வேப்பிலைத் தண்ணீர் ஊற்றியவள். பதினோரு வருஷத்துக்கு முன் மேல்தோட்டத்தில் அவள் புருஷன் சன்னாசியைப் பாம்பு கடித்தபோது, தகவல் வந்து ஜீப்பை எடுத்துக்கொண்டு மேலே விரைந்தவன் தவசிதான். அதற்கு முன்னே இரண்டு வாரமாக முள் சிவப்பைத் தொட்டுத் தொட்டு வந்தது. பட்டறையில் விடு என்று சிக்கந்தர் சொல்லியிருந்தான். நாளைக்கு, நாளைக்கு என்று தவசி தள்ளிப்போட்டிருந்தான். அன்றைக்குப் பதினோராவது வளைவில் ஹோஸ் வெடித்து வண்டி நின்றுவிட்டது. வேறு வண்டியும் வரவில்லை. ஒரு மணி நேரம் கழித்து அவன் நடந்தே மேலே போய்ச் சேர்ந்தபோது சன்னாசியை நிழல்மரத்தடியில் கிடத்தித் துண்டால் மூடியிருந்தார்கள். செவனம்மா தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. திட்டியிருந்தால் காலில் விழுந்திருப்பான். எதுவுமே கேட்காதவள் முகத்துக்கு முன்னால் அவனால் நிற்க முடியவில்லை. அவன் போவதை நிறுத்தினான், அவள் கூப்பிடவில்லை. மூன்று தெரு தள்ளியிருந்த வீடு அந்த விதமாகப் பதினோரு வருஷத் தூரம் போய்விட்டது.

அந்த வீட்டுப் புறவாசல் கிணறு ஆறு வருஷமாக வறண்டு கிடந்தது. மாசி மூன்றாம் நாள் காலை ஏழு மணிக்கு, போடியில் ஏலக்காய் பிரிக்கும் ஸ்டோருக்குக் கிளம்பிக்கொண்டிருந்த செவனம்மா, கிணற்றுக்குள் கொளக் கொளக்கென்று சத்தம் கேட்டு எட்டிப்பார்த்தால், இடுப்பளவு தண்ணீர் நின்று ஆவி பறந்துகொண்டிருந்தது. கை பொறுக்கிற சூடு. சாயங்காலம் வந்து பார்த்தபோதும் அந்தச் சூடு இறங்கவில்லை. பகலெல்லாம் ஈரமண்ணில் குந்தி, மூடுபனியில் விரல் விறைத்து, ஏலக்காய்க் கறையும் அட்டைக்கடியுமாகத் தெருவில் வந்துகொண்டிருந்த பெண்களை அவள் கூப்பிட்டுப் புறவாசலைத் திறந்துவிட்டாள். கிணற்றில் வெந்நீர் ஊறினால் அதைப் பற்றிப் பேசுவதா அதில் குளிப்பதா என்று வந்தால், கரட்டூர்ப் பெண்கள் குளிக்கிறவர்கள்.

நாலு நாளில் அதற்கு ஒரு முறை வந்துவிட்டது. பிள்ளை பெற்றவளுக்கு முதல் வாளி, மூட்டுவலிக்காரிகளுக்கு அடுத்தது, மற்றவர்கள் வந்த வரிசைக்கு. ஆண்கள் சண்டை போட்டு வியாழக்கிழமை மத்தியானத்தை வாங்கிக்கொண்டார்கள். கோயில் பூசாரி வந்து ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு இது தீர்த்தம் என்றார். தீர்த்தம் என்றால் சோப்புப் போடக்கூடாது, அதனால் இது தீர்த்தம் இல்லை என்று தோட்ட வேலைப் பெண்களுக்குத் தலைவியான குருவம்மா முடிவு சொன்னாள், பூசாரியும் ஒப்புக்கொண்டார். பரிசோதனைக்கென்று சுகாதாரத் துறையிலிருந்து ஒருவர் பாட்டிலில் பிடித்துக்கொண்டு போய், குளிக்கலாம், கொஞ்சம் துருச்சத்து இருக்கிறது என்று எழுதி அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் கிணறு வற்றிவிடும். வாரமெல்லாம் ஊறுகிறதே, அதற்கும் ஒரு நாள் லீவு வேண்டாமா என்று ஊர் அதை நியாயமாகவே எடுத்துக்கொண்டது. நடுவில் தவசி காய்ச்சலில் இரண்டு நாள் படுத்தான், கிணறும் இரண்டு நாள் படுத்தது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

இதற்கிடையில் சிக்கந்தருக்குத் தூக்கம் போய்விட்டது. ஒரு வண்டி தன்னை ஏமாற்றுவதை அவனால் தாங்க முடியாது. மஞ்சள்தூள் இரண்டு கைப்பிடியைக் கரைத்து ரேடியேட்டரில் ஊற்றி, மலையேறிவிட்டு வா, எங்கே மஞ்சள் படிந்திருக்கிறதோ அங்கேதான் ஒழுக்கு என்று அனுப்பினான். தவசி ஏறி இறங்கி வந்தான். இருவருமாகப் பானெட்டைத் தூக்கி இண்டு இடுக்கெல்லாம் தேடினார்கள். பிளாக்கில் இல்லை, சைலன்சர் வாயில் இல்லை, ஆயிலில் இல்லை. ரேடியேட்டரில் தண்ணீரும் இல்லை.

அன்று சாயங்காலம் லோகமணி வீட்டுக்குள் வந்தபோது, சடங்கான பெண்ணை மஞ்சள் நீராட்டி அழைத்துவந்த மாதிரி நெற்றியிலிருந்து பாதம்வரை மஞ்சளாக இருந்தாள். கிணற்றுத் தண்ணீரே இன்றைக்கு மஞ்சள் என்றும், குளித்த அத்தனை பேரும் இப்படித்தான் என்றும், செவனம்மா மதினி மட்டும் ஒரு வாளியை இறைத்துவைத்து அதையே பார்த்துக்கொண்டு நின்றதாகவும் சொன்னாள். தவசி செருப்புக்கூடப் போடாமல் பட்டறைக்கு நடந்தான். விஷயத்தைக் கேட்ட சிக்கந்தர் கையிலிருந்த ஸ்பேனரைத் துடைத்து வைத்தான்.

“கேஸ்கட் எங்க விட்டிருக்குன்னு எனக்குத் தெரியும். தண்ணி எங்க போய்ச் சேருதுன்னு இப்பத் தெரிஞ்சுபோச்சு. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறது என் தொழில் இல்ல மாப்பிளே,” என்றான்.

மறுநாள் டீக்கடை திறப்பதற்குள் ஊருக்கே தெரிந்துவிட்டது. யாரும் வாயைப் பிளக்கவில்லை. அதானே, ஞாயிற்றுக்கிழமை லீவு அதனால்தானே என்று ஒரு கணக்கு நேரான திருப்தியோடு அவரவர் வேலையைப் பார்த்தார்கள். பெண்கள் ஆளுக்கு ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவர ஆரம்பித்தார்கள். முந்தின நாள் சாயங்காலம் அதே கிணற்றில் பிடித்த தண்ணீர். நாலாவது வளைவில் ஒருமுறை, எட்டில் ஒருமுறை, பன்னிரண்டில் ஒருமுறை ஜீப் நிற்கும், இறங்கி ஊற்றுவார்கள். மலையில் ஊற்றிய தண்ணீர் அவர்கள் திரும்பி வருமுன்னே கிணற்றுக்குப் போய்ச் சூடாகக் காத்துக்கொண்டிருக்கும். அதிலிருந்து பிடித்துக்கொண்டு மறுபடி மலைக்கு வருவார்கள். ஐந்து லிட்டர் குடித்தால் ஐம்பது குடம் ஊறுவது எப்படி என்று ஒருவரும் கேட்கவில்லை. பிள்ளை குடித்த பாலைவிடப் பெரிதாகத்தானே வளருகிறது. வண்டியைச் சரிசெய்ய அவசரப்பட வேண்டாம் அண்ணே என்று குருவம்மா எல்லோருக்குமாக ஒருநாள் கேட்டுக்கொண்டாள்.

தவசி அவசரப்படவில்லை. வாழ்நாளிலேயே அவன் அவ்வளவு சந்தோஷமாக வண்டி ஓட்டியதில்லை. ஒவ்வொரு வளைவிலும் பாட்டில் கவிழும்போது, இது இப்போது அக்காவின் புறவாசலுக்குப் போகும், அவளுடைய கயிற்றில் ஏறும், அவளுடைய வாளியில் தளும்பும், ஸ்டோரில் நாளெல்லாம் குனிந்து ஏலக்காய் பிரித்த அவளுடைய தோளில் சூடாக விழும் என்று நினைத்துக்கொள்வான். அந்த வீட்டு வாசலை மிதிக்காமலேயே அவன் தினமும் அந்த வீட்டுக்குள் போய்வந்துகொண்டிருந்தான். முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை, எதுவும் சொல்ல வேண்டியதில்லை. செவனம்மாவும் ஒன்றும் சொல்லியனுப்பவில்லை. ஒரே ஒருநாள் லோகமணியிடம், அவன் ஏன் அதை இன்னும் சரிபண்ணாமல் ஓட்டுகிறான் என்று மட்டும் கேட்டாளாம். லோகமணி வந்து சொன்னாள். தவசி கேட்காத மாதிரி இருந்துவிட்டான்.

பங்குனியில் வண்டி தளர்ந்துவிட்டது. ஸ்டார்ட் ஆன ஐந்தாவது நிமிஷமே ஹோஸ் கல்லாக இறுகிற்று. பின்னால் வெள்ளைப் புகை வரத் தொடங்கிற்று. ஏற்றத்தில் இழுவை குறைந்து, இரண்டாவது கியரில் போன இடமெல்லாம் முதல் கியர் கேட்டது. ஒருநாள் காலையில் ஆயில் கம்பியை உருவினால் நுனியில் பால்விட்ட டீயின் நிறம். தவசி அதை வேட்டியில் துடைத்துத் திரும்பச் செருகிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று சுற்றிப் பார்த்தான். சிக்கந்தர் வீடு தேடி வந்து சொன்னான். ஹெட் வளைந்துகொண்டிருக்கிறது, இன்னும் கொஞ்சம் போனால் விரிசல் விடும், இன்ஜின் ஏற்றத்தில் வைத்து இறுகிவிடும், பின்னால் உட்கார்ந்திருப்பது பதினான்கு பேர் என்று. நாளைக்கு விடுகிறேன் என்று தவசி சொன்னான். சொன்ன பிறகுதான் அந்த வார்த்தை அவன் காதிலேயே விழுந்தது. அப்படியும் மறுநாள் வண்டியை எடுத்தான்.

பதிமூன்றாவது வளைவில் அது நடந்தது. இன்ஜின் ஒருதரம் குலுங்கி, வெள்ளைப் புகை கக்கி, மூச்சை விட்டுவிட்டது. வண்டி பின்னால் உருளத் தொடங்கிற்று. தவசி பிரேக்கின்மேல் ஏறி நின்று ஹேண்ட் பிரேக்கை இழுத்தும் அது ஒரு ஆள் நீளம் போயிற்று, இன்னொரு ஆள் நீளம் போயிற்று. பெண்கள் குதித்துக் கிடைத்த கல்லையெல்லாம் சக்கரத்துக்குக் கொடுத்தார்கள். கட்டைச்சுவருக்கு இரண்டு சாண் இருக்கும்போது வண்டி நின்றது. குருவம்மாவுக்கு முழங்கால் தோல் வழன்றிருந்தது, வேறு யாருக்கும் ஒன்றுமில்லை. யாரும் அவனைத் திட்டவில்லை. வேறு ஜீப்புகளில் ஏறி வேலைக்குப் போனார்கள். லோகமணி மட்டும் போகும்போது, ஹேண்ட் பிரேக்கை இன்னும் விடாமல் பிடித்திருந்த அவன் கையை எடுத்து அவன் மடியிலேயே வைத்துவிட்டுப் போனாள்.

அந்நேரம் கரட்டூரில் செவனம்மாவின் கிணறு விளிம்புவரை பொங்கி, தளதளவென்று கொதித்து, புறவாசல் முழுக்க ஆவியாயிற்று. சேலையைச் சொருகிக்கொண்டிருந்த செவனம்மா ஒரு கணம் பார்த்தாள். மறுகணம் தெருவில் ஓடினாள். ரோட்டில் வந்த முதல் ஜீப்பைக் கைநீட்டி மறித்து ஏறினாள். புருஷனை எடுத்துவந்த நாளுக்குப் பிறகு அவள் அந்த மலையில் கால் வைத்ததில்லை. பதினோராவது வளைவில் அந்த அம்மா கம்பியைப் பிடித்த பிடியில் கம்பியே நெளிந்திருக்கும் என்று அந்த டிரைவர் பிற்பாடு சொன்னான்.

கட்டைச்சுவரில் குனிந்து உட்கார்ந்திருந்த தவசி, தனக்கு முன்னால் வந்து நின்ற கால்களைப் பார்த்தான். அந்தக் கால்களை அவனுக்குத் தெரியும். தலையைத் தூக்கவில்லை. செவனம்மா அவன் தலையைத் தொட்டுப் பார்த்தாள், தோளைத் தொட்டுப் பார்த்தாள், கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மூச்சு வாங்க, அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“வண்டி மட்டுந்தானே போச்சு?” என்றாள்.

“ஆமாக்கா.”

பிறகு தவசி, மச்சானுக்காக அன்றைக்கு ஏறி வந்தபோது வண்டியின் முள் இரண்டு வாரமாகவே சிவப்பில் இருந்ததைச் சொல்ல ஆரம்பித்தான். பதினோரு வருஷமாகத் தொண்டையில் இருந்ததால் சொற்கள் முன்னும் பின்னுமாக வந்தன. அவள் முழுதும் கேட்டாள்.

“தெரியும்டா. காரியத்தன்னைக்கே சிக்கந்தர் வந்து சொல்லி அழுதுட்டுப் போனான். கோவம் இருந்துச்சு. இப்பவும் அடியில கொஞ்சம் கிடக்கு. அதுக்காக அதே மாதிரி வண்டியில பதினாலு பேர ஏத்திக்கிட்டு வருவியா நீ? எனக்குத் தண்ணி வேணும்னு நான் உங்கிட்டக் கேட்டனா?”

“வேற எதக் கொண்டாந்து உங்கிட்டக் குடுக்கன்னு எனக்குத் தெரியலக்கா.”

செவனம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். கீழே சமவெளி முழுக்க வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

“கதவைத் தட்டியிருக்கலாம்ல,” என்றாள்.

வண்டியைக் கட்டி இழுத்துவந்து பட்டறையில் விட்டார்கள். சிக்கந்தர் ஹெட்டைக் கழற்றும்போது பெண்கள் பாதிப்பேர் வந்து சுற்றி நின்றார்கள். கேஸ்கட்டில் இரண்டாவது சிலிண்டருக்கும் தண்ணீர்த் துளைக்கும் நடுவில், பாகல் விதை அளவுக்குக் கருகி அரித்திருந்தது. அவ்வளவுதான். அந்த ஓட்டைக்குள் கிணறும் தெரியவில்லை, தெருவும் தெரியவில்லை. ஹெட்டில் முடி அளவுக்கும் விரிசல் இல்லை, வளைவு மட்டும் இருந்தது. போடியில் லேத்துக்குக் கொடுத்து அதைச் சமம் பிடித்துக்கொண்டு வந்தார்கள். புதுக் கேஸ்கட்டை வைத்து, நடுவிலிருந்து தொடங்கி வெளியே போகப் போக ஒவ்வொரு போல்ட்டாகச் சிக்கந்தர் இறுக்கினான். கடைசிப் போல்ட்டை இறுக்கும்போது கை நின்றது. வாசலில் நின்ற செவனம்மாவைத் திரும்பிப் பார்த்தான். இறுக்கு தம்பி என்று அவள் சொன்னாள். குருவம்மா சேலையை உதறிக்கொண்டு, சரி, நடந்தது நடந்தவரைக்கும் நல்லது என்று சொல்லிப் போய்விட்டாள்.

மறுவாரம் திங்கட்கிழமை ஜீப் பதினேழு வளைவும் நிற்காமல் ஏறிற்று. முள் நடுவை விட்டு அசையவில்லை. கிணற்றில் முதலில் சேறு இருந்தது, பிறகு ஒரு தவளை இருந்தது, பிறகு அதுவும் வேறிடம் பார்த்துப் போய்விட்டது.

ஆனாலும் உடம்புக்குப் பழகிய பழக்கம், பெண்கள் சாயங்காலம் இறங்கியதும் துண்டும் சோப்புமாக வடக்குத் தெருவுக்கே நடந்தார்கள். பாதி வழியில்தான் ஞாபகம் வந்து, ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். திரும்பலாமா என்று நிற்கும்போது செவனம்மாவின் புறவாசலில் புகை தெரிந்தது. மூன்று கல்லைக் கூட்டி, கல்யாண வீட்டு அண்டாவை ஏற்றி, தெருக்குழாயில் பிடித்த தண்ணீரை அவள் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தாள். ஸ்டோரில் கேட்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி வந்திருந்தாள். தவசி வண்டியை நிறுத்திவிட்டு வந்தான். வாசலில் நின்று, திறந்துகிடந்த கதவை இரண்டு விரலால் தட்டினான். உள்ளே வா என்று கூப்பிடும்வரை நின்றான். பிறகு போய், ஓரத்தில் கிடந்த தென்னை மட்டைகளைப் பிளந்து அடுப்புக்குத் தள்ளினான். பிள்ளை பெற்றவளுக்கு முதல் வாளி, மூட்டுவலிக்காரிகளுக்கு அடுத்தது என்று பழைய முறையிலேயே எல்லோரும் குளித்துப் போனார்கள்.

கடைசியில் அண்டாவின் அடியில் ஒருவருக்கான தண்ணீர் மிச்சம் இருந்தது. வெளிச்சம் இன்னும் போகவில்லை. செவனம்மா தம்பியைப் பார்த்து, சட்டையைக் கழற்றிவிட்டு உட்காரச் சொன்னாள். ஐம்பத்திரண்டு வயது ஆள் துணி துவைக்கிற கல்லின்மேல் குத்துக்காலிட்டு, வெட்கப்பட்டுக்கொண்டு உட்கார்ந்தான். அவள் ஒரு செம்பு மொண்டு அவன் முதுகில் மெல்லச் சாய்த்தாள். அவன் தோள் குறுகியது.

“சுடுதா?”

“கொஞ்சம்.”

“இரு, ஆறட்டும்,” என்று சொல்லிவிட்டு, செம்பைக் கீழே வைத்து, செவனம்மா அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.